டெஸ்ட் பண்ணாத சாமான்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு வியாதி. ஓடாத மெஷினைப் பார்த்தா கை துறுதுறுங்கும். அதை வீட்டுக்குத் தூக்கிட்டு வர்ற வரைக்கும் துறுதுறுங்கும். வந்ததும் நின்னுடும்.

அவர் வேலைக்குப் போற வழியில ஒரு தர்மக்கடை. ஜனங்க வேண்டாத வீட்டு சாமானை சும்மா கொண்டுவந்து குடுப்பாங்க. அதை வித்து வர்ற காசு ஆஸ்பத்திரிக்குப் போகும். நல்ல காரியம்தான், யாரு இல்லைன்னா? ஆனா சனிக்கிழமை தவறாம ஒரு ஆளு வாங்கினா அந்த வீடு என்னத்துக்கு ஆகும்? தலையை ஆட்டாத டேபிள் ஃபேன் ஒண்ணு. தலையை மட்டும் ஆட்டிட்டு காத்தே விடாத டேபிள் ஃபேன் இன்னொண்ணு. ஒரு பழைய டேப் ரெக்கார்டர். மூணு மிக்ஸி, மூணுக்கும் சேர்த்து ஒரே மூடி. எல்லாம் பின் ரூம்ல, படிக்கிற மேஜை மேல.

மேஜை யாருக்கு வாங்கினது? மகளுக்கு. மக எங்க படிக்கிறா? வாஷிங் மெஷின் மேல புஸ்தகத்தை விரிச்சு, நின்னுக்கிட்டு. பரீட்சைக்கு இன்னும் மூணு வாரம். துணி சுத்தும்போது எழுத்தெல்லாம் குதிக்குது. படிக்கிற பொண்ணுக்கு மேஜை கிடையாதாம், ஓடாத மிக்ஸிக்கு உண்டாம். என்ன நியாயம் இது?

"அப்பா, ஒண்ணு உங்க மிக்ஸி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"ரெண்டும் இருக்கட்டும்மா. அடுத்த வாரம் ரிப்பேர் பண்ணிடறேன்."

"நான் ஒம்பதாவது படிக்கும்போதும் இதையேதான் சொன்னீங்க. இப்போ காலேஜ் முடிக்கப் போறேன்."

வீட்டம்மா மூணு மிக்ஸியையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துட்டு சமையலறைக்குப் போனாங்க. அன்னிக்கு மத்தியானம் பூரா மெக்கானிக்கு, ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன ஒரு லிஃப்டுக்கு மேல உக்காந்துக்கிட்டு, பெரிய மூளையைக் கசக்கி ஒரு திட்டம் போட்டாரு. எல்லாத்தையும் தானா கொண்டுபோய் தர்மக்கடையில குடுத்துடறது. வீட்டுல நல்ல பேரு. பரீட்சை முடிஞ்சதும் ஒண்ணொண்ணா திரும்ப வாங்கிடறது. அந்த டேப் ரெக்கார்டரை மட்டும் உடனே வாங்கி ஆபீஸ் அலமாரில வெச்சுடறது. ஏன்னா அத்தனை குப்பைலயும் அவர் கையால உயிர் வந்த சாமான் அது ஒண்ணுதான். ஆமா. ஏழு வருஷத்துல ஒண்ணே ஒண்ணு.

ராத்திரி சாப்பிட உக்காந்ததும் தொண்டையைச் செருமினாரு.

"எல்லாத்தையும் குடுத்துடலாம்னு இருக்கேன்."

மக சாப்பிடறதை நிறுத்திட்டா. "ஜுரமாப்பா?"

"நிஜமாத்தான். பெத்த பொண்ணு படிப்பை விட பெருசா என்ன?"

வீட்டம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. "டேப் ரெக்கார்டர் ஒண்ணை வேணா வெச்சுக்கங்களேன். ஆசையா சரி பண்ணீங்க."

அங்கதான் மனுஷன் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். இருந்தாரா?

"குடுத்தா முழுசா குடுக்கணும்! தர்மத்துல என்ன பாதி, முக்கா?"

"அப்ப சரிங்க."

சனிக்கிழமை வண்டி வெச்சு ஏத்திட்டுப் போய் குடுத்தாச்சு. திங்கட்கிழமை வேலை விட்டதும் நேரா தர்மக்கடை. அலமாரியில தேடினாரு. தட்டு இருக்கு, திரைச்சீலை இருக்கு, கால் ஆடற ஸ்டூல் இருக்கு. இவரு சாமான் ஒண்ணு கூட இல்ல.

"கரண்டு சாமான் எல்லாம் எங்கம்மா?"

கடையைப் பார்த்துக்கிற அம்மா கண்ணாடியை ஏத்திவிட்டாங்க. "போன வாரத்துலேருந்து புது ரூல் சார். இங்க வாங்கின இஸ்திரிப்பெட்டி ஒருத்தர் வீட்டுல பொறி கக்கிடுச்சு. இனிமே டெஸ்ட் பண்ணி சீட்டு ஒட்டாம எதையும் வெளிய வைக்கக் கூடாது. எல்லாம் பின்னாடி கிடக்கு."

"யாரு டெஸ்ட் பண்ணுவாங்க?"

"ஆள் வரணும்."

வாடின மூஞ்சியோட வீட்டுக்கு வந்தாரு. காப்பியைக் கையில குடுத்துட்டு வீட்டம்மா மெதுவா ஆரம்பிச்சாங்க.

"நாம குடுத்ததெல்லாம் மூட்டையா கிடக்காம், பாவம். டெஸ்ட் பண்ண ஆளே இல்லையாம். உங்களுக்குத் தெரியாத வேலையாங்க?"

மெக்கானிக்குக்கு சிரிப்பை அடக்க முடியல. காப்பிக்குள்ள சிரிச்சாரு. அடி அசடே, கதவு எங்கன்னு தேடிட்டிருந்தவனுக்கு நீயே தொறந்து விடறியே!

"நீ சொல்றதுக்காகப் போறேன்" அப்படின்னாரு, பெரிய மனசு பண்ணி.

அடுத்த சனிக்கிழமை தர்மக்கடைப் பின்கட்டு. ஒரு மேஜை, நல்ல வெளிச்சம், அவரோட டெஸ்டர். கடையம்மா நீட்டின தாள்ல படிக்காமலே கையெழுத்துப் போட்டாரு. முதல் வேலையா டேப் ரெக்கார்டரைச் சொருகினாரு. பாடிச்சு. சீட்டு ஒட்டினாரு. பணத்தைக் கையில சுருட்டிக்கிட்டு, அதைக் குழந்தை மாதிரி அணைச்சுத் தூக்கிட்டு கவுண்டருக்கு வந்தாரு.

"இதை நானே எடுத்துக்கறேம்மா."

"முடியாதே சார்."

"பணம் குடுக்கறேன்மா!"

"இங்க வேலை செய்யறவங்க இங்க வாங்கக் கூடாது. அவங்க வீட்டு ஆளுங்களும்தான். நல்லதையெல்லாம் முன்னாடியே ஒதுக்கிடுவாங்கன்னு அப்படி ஒரு ரூல். இப்பதானே கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் டேப் ரெக்கார்டரைக் கவுண்டர் மேல வெச்சாரு. பின்னாடியே ஒரு புது ஜோடி வந்து நின்னுது. காலி வீட்டுக்குக் குடி போறாங்களாம். அந்தப் பொண்ணு டேப் ரெக்கார்டரைத் தடவிப் பார்த்துச்சு.

"இது பாடுமா சார்?"

பாடாதுன்னு சொல்லிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா தன் கையால சரி பண்ணினதைப் பாடாதுன்னு சொல்ல எந்த மெக்கானிக்குக்கு மனசு வரும்?

"பாடுமாவா? பிரமாதமா பாடும்மா. சவுண்டு குமிழை மட்டும் லேசா அழுத்திட்டுத் திருப்பணும். முரட்டுத்தனமா திருப்பினா கோவிச்சுக்கும்."

தெருமுனை திரும்பற வரைக்கும் வாசல்ல நின்னு அதையே பார்த்துட்டிருந்தாரு. அப்புறம் உள்ள போய், மூக்கை உறிஞ்சிக்கிட்டு, ஒரு மிக்ஸியைப் பிரிச்சாரு. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு மிக்ஸி ஓடிச்சு. வீட்டுல ஏழு வருஷமா ஓடாதது!

வீட்டுக்கு வந்தா பின் ரூம்ல விளக்கு எரியுது. மேஜையில மக. உக்காந்து படிக்கிறா. இவர் நேரா சமையலறைக்குப் போனாரு.

"ஏம்மா, அங்க வேலை செஞ்சா அங்க வாங்கக் கூடாதாமே. உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னங்க? டெஸ்ட் பண்ண வருவீங்கன்னு உங்க பேரைக் குடுத்தப்பவே சொன்னாங்களே."

"எப்ப குடுத்தே?"

"அந்த ரூல் வந்த மறுநாளே. செவ்வாய்க்கிழமை."

மெக்கானிக்கு விரல் விட்டு எண்ணிப் பார்த்தாரு. லிஃப்டுக்கு மேல உக்காந்து அவரு திட்டம் போட்டது அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு, வியாழக்கிழமை.