திரும்ப மறுத்த பாய்மரம்

பாய்மரம் திரும்பவில்லை. விஜயதாஸ் அதைக் கட்டிப்பிடித்து முழு மூச்சாகத் திருகினான். படகுதான் திரும்பியது.

கரையில் நின்ற ஈசாக் குடையை மடக்கினார். அவர் மகள் புஷ்பபாயைத்தான் விஜயதாசுக்குப் பேசி முடித்திருந்தார்கள். மலையாள ஆட்சியில் இருந்த நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. கூட்டம் போடத் தடை. தடையை மீறிப் போடுவதில் ஈசாக் முதல் ஆள்.

"பாறசாலைக் கூட்டத்துக்கு வாறியா, இல்லியா?"

"இந்தா வாறேன் மாமா. இது ஒண்ணு திரும்பிட்டா வந்திருவேன்."

அது திரும்பினால்தான் பாய் காற்றுக்கு ஏற்பப் பக்கம் மாறும். அப்போதுதான் கல்யாணத்தன்று புஷ்பபாயை சபைக்கோயிலிலிருந்து ஆற்று வழியாகப் படகில் வீட்டுக்குக் கூட்டிவரலாம். அப்படி அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். வாக்குக் கொடுக்கும் நேரத்தில் அவனுக்கு மூளை வேலை செய்வது வழக்கமில்லை.

பாய்மரத்தின் அடி, படகின் அடிக்கட்டையில் ஒரு குழிக்குள் நின்றது. மரம் தண்ணீர் குடித்து ஊதியிருந்தது. உளியால் கொஞ்சம் செதுக்கினான். கொஞ்சம் என்று தொடங்கிய கை நிற்கவில்லை. பொழுது சாய்ந்தபோது பாய்மரமும் குடிகாரனைப் போல எல்லாப் பக்கமும் சாய்ந்தது. கூட்டம் முடிந்திருந்தது.

கரையோரத் தென்னைமூட்டில் சாய்ந்தபடி இரண்டு போலீஸ்காரர்கள் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதுவரை ஒரு ரசிகனும் இல்லாமல் உழைத்தவனுக்கு அது பெரிய தெம்பு.

அடுத்த ஞாயிறு, ஆட்டத்தை நிறுத்த அடியில் தோலைச் சுற்றி ஆமணக்கெண்ணெய் தடவினான். நனைந்த தோல் குழிக்குள் இறுகிக்கொண்டது. திருகினால் மரம், கதவிடுக்கில் வால் மாட்டிய பூனைபோல அலறியது. தென்னைமூட்டில் போலீஸ் கூட்டம் பெருகியிருந்தது. தங்கப்பன் என்ற ஏட்டு அருகில் வந்து, இது எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று மலையாளத்தில் பணிவாகக் கேட்டார். விஜயதாஸ் மகிழ்ந்துபோய், கடற்காற்று கரைக்காற்று என்று நாக்கு வறள விளக்கினான். ஏட்டு தலையாட்டிக்கொண்டே பின்வாங்கினார்.

மாலையில் ஈசாக் வந்தார்.

"காஞ்சிரங்குளத்துக் கூட்டத்துக்கும் நீ வரல்ல. அங்க ஒரு லாத்தி கூட எழும்பல்ல. பின்ன என்னத்துக்குலே பயந்தே?"

"பயமில்ல மாமா. தோலு இறுகிப்போச்சு."

"ஒனக்கத் தோலா?" என்ற ஈசாக், அடுத்த கூட்டத்துக்கும் வராவிட்டால் பெண் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் விஜயதாசுக்குச் சோறு இறங்கவில்லை. சைக்கிள் கடையில் கெஞ்சிப் பால்ரஸ் குண்டுகள் வாங்கி, வண்டிமசகோடு சேர்த்துக் குழிக்குள் போட்டான். ஞாயிறன்று வேட்டி சட்டை மாற்றி, ஒரே ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்கு ஓடலாம் என்று படகில் ஏறினான்.

திரும்பியது. பிறகு நிற்கவில்லை. இளங்காற்றுக்கே பாய் பம்பரமாகச் சுற்றி, எட்டிப் பார்த்த ஏட்டின் தொப்பியை ஆற்றில் தள்ளியது. அன்று இன்ஸ்பெக்டரே ஜீப்பில் வந்திருந்தார். விஜயதாஸ் வெள்ளை வேட்டியோடு குதித்துத் தொப்பியை மீட்டான். பிறகு, மரம் அளவுக்கு மேல் சுற்றாதபடி இருபக்கமும் கயிறு கட்டினான்.

இப்போது விரலால் தொட்டால் திரும்பியது. வேண்டிய இடத்தில் நின்றது. கழிமுகத்துக்கு அப்பால் கடலில் சூரியன் பாதி முங்கியிருந்தது. கூட்டம் முடிந்திருக்கும். போலீஸ் வண்டிகளும் போய்விட்டன. பாய்மரம் சரியாயிற்று, பெண் போயிற்று என்று நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

புஷ்பபாயின் சித்தி விமலகுமாரி கரையில் வந்து நின்றாள். அவன் தலை குனிந்தபடி, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லத்தானே வந்தீர்கள் என்று கேட்டான். அவள் குடைநுனியால் பாய்மரத்தைத் தொட்டாள். அது பணிவாகத் திரும்பி நின்றது. அவள் தன் தலையில் கைவைத்தாள்.

"சரியாக்கிப் போட்டியா மக்கா? நீ இதைத் திருப்பித் திருப்பி ஆருக்கோ சைகை காட்டுறேண்ணு நெனச்சாக்கும் போலீசு பூரா இங்க வந்து கெடந்தது, எங்க கூட்டமெல்லாம் சமாதானமா நடந்தது. இண்ணைக்குத்தான் ஈசாக்கு அத்தானுக்கு வெவரம் தெரிஞ்சது, கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு. வாற ஞாயிறு குன்னத்துகால்ல கூட்டம் உண்டு, அதுக்குள்ள இதை மறுபடியும் கெடுத்துப்போடு."