நாகலெட்சுமி எந்திரிக்கக் கூடாது

"என்னாங்க, பருப்பு அடிப்பிடிக்குது."

"இல்ல புள்ள, அது பக்கத்து வீட்டுப் பருப்பு."

"நம்ம பருப்பு வாடை எனக்குத் தெரியாதா? நான் எந்திரிச்சு வரட்டுமா?"

"ஐயோ, எந்திரிக்காத! முருகா, எந்திரிச்சுப்புடாத!"

ஜீவராஜ் கரண்டியும் கையுமாகக் குசினியிலிருந்து பாய்ந்து வந்தார். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அவர்கள் குடியிருந்த காம்பராவின் ஒரே கட்டிலில், தலையணைகூட இல்லாமல், கூரைத் தகரத்தைப் பார்த்தபடி மல்லாக்கக் கிடந்தாள் நாகலெட்சுமி. எழுந்திருக்கவில்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குள் பருப்பு முழுசாகக் கருகிவிட்டது.

இருபத்தாறு வருசம் தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்த முதுகு அவளுடையது. எலும்புக்கு நடுவில் சவ்வு பிதுங்கி, போன மாதம் பெரியாஸ்பத்திரியில் ஒபரேஷன் நடந்தது. அது நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் முள்ளந்தண்டுக்குள் இருக்கிற நீர், பச்சைத் தண்ணியாட்டம் தையல் வழியே கசியத் தொடங்கிவிட்டது. உட்கார்ந்தால் தலை பிளக்கும், படுத்தால்தான் நிற்கும். இரண்டு கிழமை வார்டில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டொக்டர் ஜீவராஜைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கசிவு கொஞ்சம்தான் இருக்கு. மல்லாக்கப் படுத்தே இருக்கணும். கக்கூசுக்கு மட்டும் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போங்க. குனியக் கூடாது, ஒண்ணும் தூக்கக் கூடாது. நிக்காட்டி மறுபடி திறந்து தைக்க வேண்டி வரும்."

மறுபடி திறப்பதா! முதல் ஒபரேஷன் அன்று நாலு மணித்தியாலம் அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்ததில் ஊரிலுள்ள சாமிக்கெல்லாம் மொட்டை நேர்ந்துவிட்டார். இன்னொரு தடவை அங்கே உட்கார அவரால் ஆகாது. இவள் இல்லாமல் தன் பிழைப்பு ஒரு நாள்கூட ஓடாது என்பது அந்த மனுசனுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில்தான் உறைத்தது.

மகள் கொழும்பில் வேலை, லீவு கிடையாது. ஆகவே ஜீவராஜ் லீவு போட்டார். தேயிலை ஃபெக்டரியில் இருபத்திரண்டு வருசம் உலகத்துக்கே தேயிலை காயவைத்தவர். ஒரு கோப்பை பிளேன்டீ போடத் தெரியாது என்பதுதான் அதில் வேடிக்கை.

முதல் நாள் குழம்பில் உப்பு கூடிப்போனது.

"பரவால்லங்க. நான் எந்திரிச்சு சரி பண்ணவா?"

"வேணாம், வேணாம்! நானே தண்ணி ஊத்துறேன்."

ஊற்றினார். குழம்பு ரசமானது. ரசத்தை இறுக்கக் கோதுமை மா போட்டார். அதை எடுத்து லயத்துச் சுவரெல்லாம் தேர்தல் நோட்டீஸ் ஒட்டியிருக்கலாம்.

இதற்கிடையில் நோய் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தோட்டத்துச் சனம் வெறுங்கையோடு வராது, பால்மாப் பெட்டியோ பிஸ்கட்டோ கொண்டுவரும். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பவும் கூடாது. நாலாம் நாள் மட்டும் இருபத்துமூன்று கோப்பை போட்டார் ஜீவராஜ். அன்று சாயங்காலம் பக்கத்துக் காம்பரா ராக்காயி அக்கா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, யாரையும் உள்ள விட வேணாம்னு டொக்டரு சொல்லிட்டாரு."

"ஆத்தாடி! அவ்வளவு மோசமா?"

ஆமென்றால் பொய், இல்லையென்றால் ஐந்து கோப்பை. ஜீவராஜ் ஒரு பெருமூச்சு மட்டும் விட்டார். அது மறுநாளே நோர்வூட் கடைத்தெருவில் "பேச்சு நின்னுருச்சாம்" என்றாகி, பூண்டுலோயா போய்ச் சேரும்போது "இன்னிக்கோ நாளைக்கோ" என்று ஆகிவிட்டது.

ஏழாம் நாள் காலையில் ஒரு வேன் வந்து நின்றது. பூண்டுலோயாவிலிருந்து நாகலெட்சுமியின் தங்கை வினோதா, கூட ஒன்பது சனம். வேனிலிருந்து இறங்கும்போதே ஒப்பாரி.

"அக்கா! என்னைய விட்டுட்டுப் போயிட்டியே!"

"எங்கேயும் போகலடி. இங்கதான் படுத்திருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வேனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்ததுதான் வந்தோம், ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறோம் என்றார்கள். வினோதா சேலையைச் செருகிக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பினாள். ஜீவராஜுக்குக் கண் கலங்கியது, சந்தோஷத்தில்.

"வந்த சனத்த வேலை வாங்குறதா? நல்லாருக்கே! நீங்க விடுங்க, நானே எந்திரிச்சு சமைக்கிறேன்" என்றாள் நாகலெட்சுமி.

"படு தாயே, படு!" என்று அலறினார் ஜீவராஜ்.

அப்புறம் பத்துப் பேருக்கு ரொட்டி தட்டினார், சம்பல் இடித்தார், கருவாட்டுக் குழம்பு வைத்தார். எட்டாம் நாள் வினோதாவின் புருசன் இரண்டாம் தடவையும் சோறு கேட்டான். ஜீவராஜுக்கு அது காதில் ஏறவில்லை. அவர் மனசெல்லாம் தர்ஷனா மிஸ்ஸியின் முகத்தில் இருந்தது.

தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து மருந்து கட்ட தினமும் வருகிற தாதி அவர். கதவைச் சாத்திக்கொண்டு காயத்தைப் பார்த்து, போனில் படம் பிடித்துப் பெரிய டொக்டருக்கு அனுப்புவார். முதல் மூன்று நாளும், "இன்னும் ஈரமா இருக்கு அண்ணே" என்று நேராகச் சொன்னார். நாலாம் நாளிலிருந்து பேச்சே மாறிவிட்டது. "எப்படி மிஸ்ஸி?" என்றால், "பாக்கலாம் அண்ணே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விடுவார்.

நல்ல சேதியென்றால் எதற்கு முகத்தைத் திருப்ப வேண்டும்? ஜீவராஜுக்கு ராத்தூக்கம் போனது.

ஒன்பதாம் நாள், சாத்திய கதவருகில் வெங்காயம் உரிப்பதுபோல் போய் நின்றார். உள்ளே குசுகுசுப்பு.

"எத்தனை நாளைக்கு அவருகிட்ட மறைக்கிறது? இன்னிக்குச் சொல்லித்தான் ஆகணும்." இது மிஸ்ஸி.

"வேணாம் மிஸ்ஸி, அவரு தாங்கமாட்டாரு." இது நாகலெட்சுமி.

ஜீவராஜின் கையிலிருந்த வெங்காயம் விழுந்து உருண்டது. பாவி மக, தன் வலியையும் மறைத்துக்கொண்டு எனக்காகப் பார்க்கிறாளே! தேம்பித் தேம்பி அழுதார். பத்துச் சனமும் எதற்கென்று தெரியாமலே கூட அழுதது.

கதவைத் திறந்து வந்த மிஸ்ஸியை வாசற்படியில் மறித்தார்.

"மறுபடி திறக்கணுமா மிஸ்ஸி? எதுன்னாலும் சொல்லுங்க. வேன் நிக்குது, இப்பவே கூட்டிட்டுப் போறேன். என் ரத்தம் பூரா எடுத்துக்கிடட்டும். அவளக் காப்பாத்திக் குடுங்க, அவ இல்லாட்டி நான் இல்ல!"

தர்ஷனா மிஸ்ஸி உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தார்.

"அண்ணே, கசிவு நின்னு அஞ்சு நாளாச்சு. எந்திரிச்சு நடங்கன்னு நானும் தெனம் சொல்றேன். 'ரெண்டே ரெண்டு நாள் பொறுங்க மிஸ்ஸி, மனுசன் இப்பத்தான் குழம்பு வைக்கப் பழகுறாரு'ன்னு அக்காதான் என் கையப் புடிச்சுக் கெஞ்சுறாங்க!"