மாட்டுக் கொட்டகைக்குத் தெற்கு

வீடு என்பது செங்கல்லால் கட்டப்படுவது என்று நம்பிக்கொண்டிருக்கும் விவரம் கெட்ட ஜனங்கள் இந்தக் காலத்திலும் இருக்கிறார்கள். வீடு காகிதத்தால் கட்டப்படுகிறது. செங்கல்லும் சிமெண்டும் அந்தக் காகிதத்தின் மேல் மழை படாமல் இருக்க எழுப்பிய மறைப்பு, அவ்வளவுதான். இந்த மகத்தான உண்மையை உலகத்துக்குப் புரிய வைத்தவை கடன் கொடுக்கும் வங்கிகள். அவற்றுக்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். வட்டியோடு சொன்னால் இன்னும் தகும்.

மேஸ்திரிக்கு இது எழுபத்தொரு வயது வரைக்கும் தெரியாது. நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவருக்கு எப்படித் தெரியும்? தன் வீட்டையும் தன் கையாலேயே கட்டினார். வெள்ளம் வந்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று தரையிலிருந்து பத்தொன்பது படி உயர்த்திக் கட்டினார். வெள்ளம் வரவில்லை. முட்டிவலி வந்தது, அதுவும் அவர் மனைவிக்கு. கூடவே இடுப்பும் மக்கர் செய்ய, அந்த அம்மாள் தெருவில் கால் வைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கடைசியாக இறங்கியது ஆஸ்பத்திரிக்கு. நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கி இறக்கினார்கள்.

"நாலு பேர் என்னைத் தூக்கிட்டுப் போறதை உயிரோட இருக்கும்போதே பார்த்துட்டேன்" என்றாள் அவள். "போதும். இனிமே நானே நடந்து வாசலுக்குப் போகணும். தரையோட இருக்கிற வீடாப் பாருங்க. ஒரு படி இருந்தாலும் நான் வரமாட்டேன்."

மேஸ்திரி பார்த்தார். மூன்று தெரு தள்ளி ஒரு தையற்காரரின் வீடு விலைக்கு வந்தது. படி என்ற பேச்சே இல்லை. வாசலைத் திறந்தால் தெரு. தையற்காரர் நல்ல மனிதர், ஆனால் கறார். "மாசக் கடைசி வரைக்கும் உங்களுக்காக வச்சிருக்கேன் மேஸ்திரி. மறுநாள் இன்னொருத்தர் வர்றார்" என்று சொல்லிவிட்டார்.

பத்தொன்பது படி வீட்டை வாங்க ஒரு பள்ளி வேன் ஓட்டுநர் கிடைத்தார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். வீடு பார்க்க வந்த அன்று இரண்டும் படியில் ஆறு தடவை ஓடி ஏறி இறங்கின. வேன்காரருக்குக் கடன் கொடுக்க, மேஸ்திரி வீட்டுக்கு வடக்கே, மதிலுக்கு மதில் ஒட்டி நிற்கிற வங்கியே முன்வந்தது. இந்தப் பணம் வந்தால் அந்த வீடு. அந்த வீடு வந்தால் அம்மாள் தெருவுக்கு. கணக்கு இவ்வளவு சுலபம். கையில் இருபத்திரண்டு நாள் இருந்தது.

பத்திரம் வங்கியின் வக்கீலிடம் போயிற்று. அவர் ஊரில் பெயர் பெற்ற சட்ட மேதை. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் மஞ்சள் ஒட்டுச்சீட்டு ஒட்டித் திருப்பிக் கொடுப்பார். அவர் திறமையை ஒட்டுச்சீட்டின் எண்ணிக்கையை வைத்துத்தான் வங்கி அளந்தது. மேஸ்திரியின் பத்திரம் நாலு பக்கம். திரும்பி வரும்போது சாமந்திப் பூ மாதிரி இருந்தது.

"பெரியவரே, எல்லாம் சரி. ஒரே ஒரு சிக்கல்" என்றார் வக்கீல். "உங்க வீடு அங்க இல்லை."

"எங்க இல்லை?"

"இருக்கிற இடத்துல."

மேஸ்திரி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். காலையில்தான் அந்த வீட்டில் குளித்துவிட்டு வந்திருந்தார்.

"பத்திரத்துல என்ன போட்டிருக்கு? 'மாட்டுக் கொட்டகைக்குத் தெற்கு'ன்னு போட்டிருக்கு. நான் ஆள் அனுப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கத்துல மாட்டுக் கொட்டகையே இல்லையாம். கொட்டகை இல்லைன்னா உங்க வீடு எதுக்குத் தெற்கு?"

"ஐயா, கொட்டகை போய் முப்பது வருஷமாச்சு. பால்காரர் வித்துட்டுப் போயிட்டார். அங்கதான் உங்க பேங்க் நிக்குது."

"அதை நீங்க சொல்றீங்க."

"ஊரே சொல்லும்."

"ஊர் வாயால சொல்லும். வாயை நான் எந்தக் கோப்புல வைக்கிறது?"

இந்த இடத்தில் வக்கீலின் கடமை உணர்வை நாம் மெச்ச வேண்டும். வேறு யாராக இருந்தாலும் எழுந்து நாலு அடி நடந்து போய்ப் பார்த்திருப்பார்கள். பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அப்புறம் அவருக்கு என்ன வேலை?

மேஸ்திரி மேனேஜரிடம் போனார். மேனேஜர் அறை மாடியில். அவர் ஜன்னலுக்கு நேர் எதிரே மேஸ்திரி வீட்டுச் சமையலறை ஜன்னல். அங்கே மேஸ்திரியின் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சார், கொஞ்சம் திரும்பிப் பாருங்க. அதான் என் வீடு. அதோ, கையை ஆட்டுறவ என் சம்சாரம்."

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். மரியாதை தெரிந்தவர். பதிலுக்குக் கையை ஆட்டி, "சாப்பிட்டீங்களாம்மா?" என்றுகூடக் கேட்டார். பிறகு கோப்பைத் திறந்து மேஸ்திரி பக்கம் திருப்பினார்.

"ஆனா பாருங்க, வீடு இருக்கிறதா இதுல தெரியலையே."

"இல்லாத வீட்டு ஜன்னல்ல இருக்கிறவகிட்டயா சாப்பிட்டியான்னு கேட்டீங்க?"

"அது தனிப்பட்ட முறையில கேட்டது பெரியவரே. வங்கி சார்புல நான் அவங்களைப் பார்க்கலை."

மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். பத்தொன்பது படியும் ஏறி, நடந்ததைச் சொன்னார். அம்மாள் வெங்காயத்தட்டை நகர்த்தி வைத்தாள்.

"அந்த மனுசனுக்கு மாட்டுக் கொட்டகைதானே வேணும்? கொண்டு போய்க் கட்டுங்க."

"எதை?"

"மாட்டை."

ஏழு மாதம் ஒரே ஜன்னலில் உட்கார்ந்திருப்பவளுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது.

மாதக் கடைசிக்கு ஆறு நாள் இருக்கும்போது, வக்கீல் நேரில் 'கள ஆய்வு'க்கு வர ஒப்புக்கொண்டார். அன்று காலை பத்து மணிக்கு வங்கியின் தெற்குச் சுவரை ஒட்டி, தண்ணீர்க் குழாயில் கட்டியபடி, ஓர் எருமை நின்றது. தலைக்கு மேல் தார்ப்பாய், நாலு கழி. எருமை வாடகைக்கு. தார்ப்பாய் மேஸ்திரியுடையது.

வங்கிக் காவலாளி ஓடி வந்தார். "யோவ் மேஸ்திரி, என்ன இது?"

"கொட்டகை."

"பேங்க்குய்யா இது!"

"அதைத்தான் நானும் ரெண்டு வாரமாச் சொல்றேன். உன் வக்கீல் நம்ப மாட்டேங்கிறார்."

சத்தம் கேட்டு மேனேஜர் கீழே வந்தார். கூடவே, டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். எருமை அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அசை போட்டது. வேன்காரரும் வந்து சேர்ந்தார். தன் கடனுக்கும் இந்த எருமைக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று அதற்கும் ஒரு வணக்கம் வைத்தார்.

கடைசியாக வக்கீல் வந்தார். எருமையைச் சுற்றி வந்தார். தார்ப்பாயைத் தொட்டுப் பார்த்தார். பையிலிருந்து ஒட்டுச்சீட்டை எடுத்து ஒரு கழியில் ஒட்டினார்.

"மாடு ஏற்புடையது. ஆனா கொட்டகை தற்காலிகமானது. எல்லைன்னா நிரந்தரமா நிக்கணும்." அண்ணாந்து பார்த்தார். "இந்தக் கட்டடம் நிரந்தரமாத் தெரியுதே. இது என்ன?"

பதினோரு வருஷமாக அவருக்குச் சம்பளம் கொடுக்கிற கட்டடம் அது.

"சார், இது நம்ம கிளை!" என்றார் மேனேஜர்.

"கொட்டகை இருந்த இடத்துலதான் இது நிக்குதா?"

"ஆமா."

"அடடா, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" என்று வக்கீல் மேஸ்திரியைக் கடிந்துகொண்டார். "ரொம்பச் சுலபம். 'இரண்டும் ஒன்றே' சான்று போதும்."

அது வக்கீலிடம் கட்டுக்கட்டாக அச்சடித்து இருக்கும் படிவம். ஒரே ஆளுக்குப் பத்திரத்தில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறு பெயரும் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதி வாங்குவது. மனிதர்களுக்கான படிவம் கொட்டகைக்கு ஆகுமா என்று மேனேஜர் கேட்டார். 'ஆகாது' என்று எங்கேயும் போடவில்லை என்றார் வக்கீல். வடக்கு எல்லைக்குச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக்காரர் வங்கி. வங்கியின் சார்பில் மேனேஜர். ஆக, வங்கி கேட்ட சான்றை வங்கிக்கு வங்கியே கொடுக்க வேண்டும். நிர்வாகம் என்றால் இதுவல்லவா நிர்வாகம்!

மாடி அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மேனேஜர் பேனாவைத் திறந்தார். பழைய பெயர்: மாட்டுக் கொட்டகை. இப்போதைய பெயர்: வங்கிக் கிளை. மூன்றாவது கேள்வியில் பேனா நின்றது.

"'இரண்டிற்கும் இடையே தொழிலில் மாற்றம் உண்டா?'ன்னு கேட்டிருக்கு. உண்டுன்னு போடட்டுமா?"

"தாராளமாப் போடுங்க" என்றார் வக்கீல். "ஆனா உண்டுன்னு போட்டா தலைமை அலுவலகத்துக்குப் போகணும். அவங்க விசாரிச்சு அனுமதி குடுப்பாங்க. மூணு மாசம் ஆகும்."

மேஸ்திரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மூன்று மாதத்தில் தையற்காரர் வீட்டில் வேறு யாரோ குடியேறி, வாசலில் கோலியும் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி கழுத்தை நீட்டி, உதட்டசைவைப் பார்த்தே விஷயத்தைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தாள்.

ஆனால் மேஸ்திரியைவிட அதிகமாகப் பதறியவர் மேனேஜர். "மூணு மாசமா! இந்த மாசத்துக்குள்ள இன்னும் ஒரு வீட்டுக் கடன் நான் காட்டியாகணும் சார். இல்லேன்னா என்னை எங்கேயாவது தூக்கி அடிச்சிடுவாங்க."

"அப்ப இல்லைன்னு போடுங்க. இல்லைன்னா எந்தக் கேள்வியும் கிடையாது."

"அது எப்படிங்க..."

"கையெழுத்து உங்களுது. யோசிச்சுப் போடுங்க."

மேனேஜர் யோசித்தார். எவ்வளவு நேரம் என்றால், பேனா மூடியை ஒருமுறை கடிக்கும் நேரம். போட்டார். முத்திரையை ஊதி, ஓங்கிக் குத்தினார்.

அதற்கப்புறம் எல்லாம் தண்ணீர் மாதிரி ஓடியது. மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு பதிவு முடிந்து, பணம் கை மாறி, தையற்காரர் சாவியைக் கொடுத்தார். அம்மாள் பத்தொன்பது படியையும் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக நகர்ந்து, யாரையும் தொடவிடாமல், முக்கால் மணி நேரத்தில் இறங்கினாள். கீழே வந்து எழுந்து நின்று, "எவன்யா இவ்வளவு உயரமாக் கட்டினவன்?" என்று கேட்டாள். மேஸ்திரி வேறு பக்கம் பார்த்தார்.

இதற்கெல்லாம் முன்பு, வேன்காரர் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்று, மேஸ்திரியும் வங்கிக்குப் போயிருந்தார். நாற்பத்திரண்டு இடத்தில் கையெழுத்து. இருபது வருஷத் தவணை. குனிந்த தலை நிமிராமல், எதையும் படிக்காமல், விரல் காட்டிய இடத்திலெல்லாம் வேன்காரர் போட்டுக்கொண்டே போனார். அவருக்குப் பின்னால் இன்னும் ஒன்பது பேர் வரிசையில் அதே மாதிரித் தலை குனிந்து நின்றார்கள்.

மேஸ்திரி தன் பிரதியைக் கையில் வாங்கி, எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தார்.

"மேற்படி மாட்டுக் கொட்டகையும், மேற்படி வங்கிக் கிளையும், ஒன்றே. தொழிலில் மாற்றம், இல்லை."

"படிச்சாச்சா பெரியவரே? ஏதாவது தப்பு இருக்கா?" என்றார் மேனேஜர்.

மேஸ்திரி வரிசையை ஒருமுறை பார்த்தார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஒரு தப்பும் இல்லை சார். இந்த பேங்க்ல இதுவரைக்கும் எழுதின காகிதத்துலயே உண்மை பேசுறது இது ஒண்ணுதான்."