தன் மசோதாவையே மடக்கிய கர்னல்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. ஆளைப் பார்த்தால் தெரியாது, வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். ராணுவத்தில் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்று, ஊருக்குத் திரும்பி, சட்டமன்றத்துக்குப் போன இனம். ஒவ்வொரு மாநிலத்திலும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். இந்த இனத்தில் முதல்தரமான ஒன்றுக்கு நான்தான் ஷூ லேஸ் கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். லெப்டினன்ட் கர்னல் வெண்டல் கிரான், எங்கள் தொகுதியின் உறுப்பினர், என் தம்பி. நான் பதினோராம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு பண்ணையில் முட்டை தரம் பிரிக்கப் போனவள். அவன் சட்டம் படித்தவன். பெருமை இல்லாமல் இருக்குமா?

ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம். எதிரியை அவன் நேரில் பார்த்ததில்லை. எழுத்துப்பிழையைப் பார்த்திருக்கிறான், ஒன்றையும் உயிரோடு விட்டதில்லை.

தேர்தல் சமயத்தில் மற்ற வேட்பாளர்கள் புல்வெளியில் பெயர்ப்பலகையை நட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவனோ டேப்பை எடுத்துச் சாலையோரத்திலிருந்து தூரத்தை அளந்து, நான்கு அங்குலம் குறைகிறது என்று தன் பலகையைத் தானே பிடுங்கி, பின்னால் நகர்த்தி நட்டு, போட்டோ எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொண்டு, பிறகு எதிராளியின் பலகையையும் சரியான தூரத்துக்கு நகர்த்திக் கொடுத்துவிட்டு வருவான். எதிராளிக்கே இவன்மேல் பிரியம். ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசமாட்டான். நடந்து போய்க் கையில் கொடுப்பான். வீசினால் கண்ணில் பட்டுவிடுமாம். சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கில் உப்பு போதவில்லை என்று சொல்லவேண்டுமானாலும், "அவைக்குறிப்பில் ஏறட்டும்" என்றுதான் ஆரம்பிப்பான்.

இப்படிப்பட்டவனை மூன்று முறை ஜெயிக்க வைத்தோம். ஏன்? திருடமாட்டான். அது போதாதா?

போதாது என்று எங்களுக்குக் காட்டியது ஆம்புலன்ஸ் மசோதா.

எங்கள் ஊரில் ஒரு ஆம்புலன்ஸ் இருக்கிறது. தீயணைப்புக் கொட்டகையில் பளபளவென்று நிற்கும். நிற்கும், அவ்வளவுதான். அவசர சிகிச்சைச் சான்றிதழ் பெற்ற இரண்டு பேர் ஏறினால்தான் அது நோயாளியோடு நகரலாம் என்பது மாநிலச் சட்டம். சான்றிதழ் உள்ளவள் ஜோலீன் ஒருத்திதான்; வெண்டலோடு ஒரே வகுப்பில் படித்தவள். நூற்றறுபது மணி நேர வகுப்புக்குப் போக விதைப்பும் அறுவடையும் மற்றவர்களை விடுவதில்லை. ஜோலீனின் கணவன் மெர்லுக்கு இதயக் கோளாறு. பிப்ரவரியில் அவனுக்கு நெஞ்சுவலி வந்தபோது, நாற்பத்தொரு மைலுக்கு அப்பாலிருந்து வண்டி வந்து சேர ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது. அதுவரை ஜோலீன் அவன் கையைப் பிடித்தபடி, ஜன்னல் வழியே எதிர்க் கொட்டகையில் நின்ற எங்கள் ஆம்புலன்ஸைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

சான்றிதழ் உள்ளவர் ஒருவரும் ஓட்டுநர் ஒருவரும் போதும் என்று வெண்டல் மசோதா கொண்டுவந்தான். அருமையாக எழுதியிருந்தான். குழுவில் ஒரு சின்னத் திருத்தத்தோடு தேறியது. கூட்டத்தொடரின் கடைசி நாள் காலையில் வாக்கெடுப்பு. நானும் ஜோலீனும் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஜெயிக்கத் தேவையானதைவிடப் பத்து ஓட்டு அதிகம் என்று எண்ணியாகிவிட்டது.

வெண்டல் எழுந்தான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"ஒழுங்குப் பிரச்சினை."

சபாநாயகர் அம்மாள் கண்ணாடியை இறக்கினார். "இது உங்க மசோதாதானே, கர்னல்?"

"ஆமாங்க. திருத்தத்தோட பிரதி உறுப்பினர்கள் மேசைக்கு வந்து முழுசா இருபத்துநாலு மணி நேரம் ஆகணும். இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருக்கு."

"யாரும் கேக்கலையே?"

"நான் கேக்கறேன்."

"உக்காருங்க, கிரான்!" என்று எதிர்க்கட்சிக்காரர் ஒருவரே கெஞ்சினார். உட்காரவில்லை. விதி விதிதான், மசோதா பட்டியலின் அடிக்குப் போனது. அதன் முறை வருவதற்குள் மன்றம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது; இனி ஜனவரியில்தான். ஜோலீன் கைப்பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை தீயணைப்புக் கொட்டகையில் பான்கேக் விருந்து. வெண்டல் தட்டோடு வரிசையில் நின்றான். பரிமாறிக்கொண்டிருந்த ஜோலீன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னடா, உனக்கு வெக்கமா இல்ல?"

"ஜோலீன், தப்பான முறையில நிறைவேறின சட்டம் கோர்ட்ல நிக்காது."

"மெர்ல் நிப்பானா?"

எனக்குத் தம்பிக்காகப் பேசவேண்டும்போல இருந்தது. ஆனால் என்ன பேசுவது?

"சட்டம் ரெண்டு பேர்னு சொல்லுதில்ல?" என்று ஜோலீன் அந்த வகுப்பில் சேரும் படிவத்தை அவன் தட்டிலிருந்த சிரப்பின் மேலேயே வைத்தாள். "கூட்டத்தொடர் முடிஞ்சாச்சு. ஜனவரி வரைக்கும் உனக்கு என்ன வேலை? நீதான் அந்த ரெண்டாவது ஆள். கையெழுத்துப் போடு."

வெண்டல் படித்தான். "மூணாவது பத்தியில தேதி—"

"வெண்டல்!" இது நான்.

போட்டான்.

நூற்றறுபது மணி நேரம் போனான். பரீட்சையில் தொண்ணூற்றெட்டு, குறைந்த இரண்டுக்கு மேல்முறையீடு செய்து வாங்கிவிட்டான். அக்டோபரில் ஒரு மதியம் மெர்ல் களஞ்சியத்தில் சுருண்டு விழுந்தான். வண்டி கிளம்பும் முன் வெண்டல் வண்டிச் சோதனைப் பட்டியலை எடுத்து, "முன் டயர் இடது—" என்று தொடங்கினானாம்.

"டயர நான் பாத்துக்கறேன், நீ ஆளப் பாரு!" என்று ஜோலீன் வண்டியை எடுத்துவிட்டாள்.

பார்த்தான். என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு. நிமிடத்துக்கு நிமிடம் ரத்த அழுத்தம், நாடி, மூச்சு. குலுங்குகிற வண்டியில் ஒரு எழுத்துகூடக் கோணாமல் எழுதியிருந்தான். அந்தத் தாளைப் பார்த்துத்தான் டாக்டர் நேரத்தை வீணாக்காமல் வேலையைத் தொடங்கினாராம். மெர்ல் பிழைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஜோலீன் என் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு விலகி நின்று, "ரெண்டு ஊர் தள்ளி இருக்கறவளுக்கு உன்ன மாதிரி ஒருத்தன் கிடைக்கமாட்டான்டா. அவளுக்கு அந்த மசோதாதான் இருந்துச்சு," என்றாள். கர்னல் தலையை ஆட்டினான். அவனை ஐம்பத்தாறு வருடமாகத் தெரியும். திருத்தம் சொல்லாமல் ஒன்றை ஒப்புக்கொண்டது அன்றுதான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று: உங்களிடம் ஒருவர் அவசரமாக ஓர் உதவி கேட்டு வந்து நிற்கும்போது, அவர் கேட்ட விதம் சரியில்லை என்று ஒரு நிமிடமாவது பாடம் எடுத்ததில்லையா? ஒருநாளும் இல்லை என்கிறீர்களா? எனக்குச் சொல்லவேண்டாம். உங்கள் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள்.