ஐயங்களை விரிவாக எழுதவும்

“அந்த டிரிப் எதுக்கு?”

பிரசவ அறை வாசலில் நர்ஸை வழிமறித்தார் எடையளவு ஆய்வாளர். பதினெட்டு வருடமாகக் கடைத் தராசுகளைத் தூக்கித் தட்டின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்த கை, டிரிப் பாட்டிலையும் ஒருமுறை தடவியது.

“வலி கூடறதுக்கு சார். சந்தேகம் இருந்தா இதுல எழுதுங்க.” நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினார். ‘தங்கள் ஐயங்களை விரிவாக எழுதவும்.’

பதினாலு ஐயங்கள் எழுதினார். நர்ஸ் வாங்கிக்கொண்டு போய் இரண்டாவது படிவத்துடன் வந்தார். ஒவ்வோர் ஐயத்துக்கும் காரணம் வேண்டுமாம்.

“இழுத்தடிக்கிறாங்க அத்தை,” என்றார் மாமியாரிடம். “கடைசியில கத்தியைத் தூக்கத்தான் இத்தனையும்.”

“பெத்துக்கறது அவதானே மாப்பிள்ளை? அவ கேட்டுக்க மாட்டாளா?”

“வலியில எதுக்கும் தலையாட்டிடுவா.”

அவர் பயம் வெறும் பயம் இல்லை. அக்காவின் பிரசவத்தில் கத்தி வைத்தபோது ஏன், எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர் இவர்தான். அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

கதவில் காதை வைத்தார். மனைவியின் குரல் மூச்சு வாங்கியது.

“தண்ணிக்குடத்தை இப்பவே உடைக்கணுமா டாக்டர்? பொறுத்தா என்ன ஆகும்?”

“குழந்தையோட துடிப்பு நல்லா இருக்கு. ஒரு மணி நேரம் பொறுக்கலாம்.”

“அப்போ பொறுப்போம். வலி தெரியாம இருக்கப் போடற முதுகு ஊசி மட்டும் இப்பவே வேணும்.”

முதுகு ஊசியா! கதவைத் தட்டு தட்டென்று தட்டினார். “நான் ஒத்துக்கலை!”

நர்ஸ் தலையை நீட்டினார். “மறுப்புன்னா மூணு பிரதி சார். அடித்தல் திருத்தல் கூடாது.”

இரண்டாவது பிரதியில் ஓர் எழுத்து பிசகியது. கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். பேனா தீர்ந்தது. மாமியார் கைப்பையைத் திறந்து புதுப்பேனா கொடுத்தார். பையில் இன்னும் நாலு இருந்தன.

“எதுக்கு அத்தை இத்தனை?”

“ஒரு அவசரத்துக்கு ஆகுமே மாப்பிள்ளை.”

மாமியாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்றாவது பிரதிக்கு வந்தபோது, உள்ளே வீல் என்றது ஒரு புதுக் குரல்.

பேனா கீழே விழ ஓடினார். மனைவி களைத்துச் சிரித்தாள். மார்பில் மகள்.

“கத்தி?”

“தேவைப்படலை. ஒவ்வொண்ணும் சொல்லி, என்னைக் கேட்டுத்தான் செஞ்சாங்க.”

அவருக்குக் கண் கலங்கியது; நெஞ்சும் கொஞ்சம் நிமிர்ந்தது. “கேக்காம இருப்பாங்களா? வெளியில நான் எழுதின எழுத்து அப்படி!”

வெளியே வந்து, சிதறிய தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஆயாவிடம் சொன்னார்: “அதெல்லாம் பத்திரம்மா. ஆஸ்பத்திரி ஃபைல்ல சேர்த்துடுங்க.”

“எங்க ஃபைல்ல எப்படி சார் சேர்க்கறது? ‘அவர் கேள்வியை நிறுத்தினாத்தான் நான் டாக்டரைக் கேள்வி கேக்க முடியும்’னு உங்க வீட்டம்மா போன வாரமே அச்சடிச்சுக் கொண்டுவந்து கொடுத்ததாச்சே இதெல்லாம்!”