நாக்கு பாயின் மலைநீலம்

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பினாயில் வாடை அடித்தால் மற்றவர்களுக்கு நோய் ஞாபகம் வரும். எனக்கு மை ஞாபகம் வரும். போன வாரம் எக்ஸ்ரே எடுக்க வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஈரத் துடைப்பம் ஒன்று என் செருப்பைத் தொட்டுக்கொண்டு போனது. அந்த வாடை, அதற்கு அடியில் நனைந்த இரும்பு வாடை. கையால் கலக்கிய மைக்கும் இதே வாடைதான். அடுத்த நொடி நான் கள்ளக்குறிச்சியில் நாக்கு பாய் கடையில் நின்றிருந்தேன்.

காகிதத்தைக் கண்ணால் படிக்கிறவர்கள் கோடிப் பேர். நாக்கால் படித்த ஒரே மனிதர், நானறிந்து இந்தப் பூமியில், அவர்தான்.

நேரில் இங்க் பாய். முதுகுக்குப் பின்னால் நாக்கு பாய். வெள்ளைத்தாள், ஃபைல், ஜெல் பேனா என்று கடை முழுக்கச் சரக்கு. பிழைப்பு அதில் நடந்தது. அவர் உயிரோ பின் அலமாரியில், கையால் கலக்கி வைத்த பேனா மை பாட்டில்களில் இருந்தது. கலக்கிய மையை நாக்கில் தொட்டுத்தான் பதம் பார்ப்பார். எந்தத் தாளை நீட்டினாலும் ஓரத்தில் நாக்கு நுனியை வைப்பார். "இது குடிகாரப் பேப்பர். மை பட்டா உறிஞ்சிக்கும், எழுத்துக்கெல்லாம் மீசை மொளைக்கும்." "இது மானஸ்தன். மையை மேலயே நிறுத்திக்கும்." என் தங்கையின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தேன். மாப்பிள்ளை பெயரைக்கூடப் பார்க்கவில்லை. மஞ்சள் தடவாத மூலையாகத் தேடி நக்கினார்.

"பேப்பர் தரம் கம்மி வாத்தியாரே. இருந்தாலும் வரேன்."

பாட்டில்களுக்கு அவரே பேர் வைத்திருந்தார். தென்பெண்ணை என்றால் வெள்ளத்தின் செம்பழுப்பு. கலங்கலாக ஓடும், காய்ந்த பிறகு கோட்டின் ஓரத்தில் வண்டல் ஒதுங்கும். கரியாலூர் என்றால் கறுப்பு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் உள்ளே மழைக்காட்டுப் பச்சை ஒன்று ஒளிந்திருக்கும். மலைநீலம் என்பது மழைவிட்ட மாலையில் மேற்கே கல்வராயன் மலை நிற்கிற நிறம். எழுதும்போது வெளுத்து இருக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் தாளில் இருட்டியிருக்கும். நான் கவிதை எழுதியதெல்லாம் அதில்தான். கவிதையைப் படித்துவிட்டு அவர் சொன்ன ஒரே விமர்சனம்: "மை நல்லா வந்திருக்குது."

கேட்ட நிறத்தை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. வார்டு பிரமுகர் ஒருவர் பச்சை மை கேட்டு வந்தார்.

"பச்சை ஆபீசர்ங்களுக்கு. நீங்க இன்னா ஆபீசரு?"

"ஆபீசர் இல்ல பாய். ஆனா நமக்கும் பவரு இருக்குதுல்ல?"

"பவரு இருக்குதுன்னா மை எதுக்கு? சும்மாவே கையெழுத்துப் போடுங்க."

எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியாருக்குச் சிவப்பில் பாதி தண்ணீர் கலந்து கொடுப்பார். "இன்னா பாய், ரோஸா தெரியுது?" என்று அவர் சண்டைக்கு வந்தார். பாய் அசையவில்லை. "நீங்க போடற சைபரு ரத்தமா தெரிஞ்சா புள்ள கெணத்தாண்ட போவுது சார். ரோஸா தெரிஞ்சா வூட்டாண்ட போவும்." கடையில் எல்லோரும் சிரித்தோம். ஒரு பிள்ளை நிஜமாகவே கிணற்றுக்குப் போன வருஷத்திலிருந்துதான் அவர் தண்ணீர் கலக்கிறார் என்று எனக்குப் பின்னால் தெரிந்தது. அதற்கப்புறம் அந்தக் கதையை யாருக்குச் சொன்னாலும், சிரிக்க வேண்டிய இடத்துக்கு முன்பே நிறுத்திவிடுகிறேன்.

பிறகு அவர் மனைவி இறந்தார். நாலாம் நாள் கடை திறந்தார். ஒரு மாதம் யார் தாளையும் நக்கவில்லை. டீக்கடையில் தினமும் அவர் நாக்கின் நிறத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சத்தமில்லாமல் டீ குடித்தார்கள். ஒரு காலை நாக்கு மறுபடி நீலமாக இருந்தது. ஊரே மூச்சு விட்டது.

ரெண்டு வருஷம் கழித்து அஞ்சலை அக்கா என்னைத் தேடி வந்தார். ரிஷிவந்தியம் பக்கம், கூலி வேலை, மூணு சென்ட் நிலத்தில் ஒரு கூரை வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மனு எழுதிக் கொடுப்பேன் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கையில் ஒரு ஜெராக்ஸ். அவர் கணவர் அந்த வீட்டைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே விற்றுவிட்டதாக அதில் எழுதி, அடியில் கையெழுத்தும் இருந்தது. கணவர் இறந்து மூன்று வருஷம். வாங்கியதாகச் சொன்ன ஆள், அக்கா கூலிக்குப் போகிற நிலத்துக்காரரின் மகன், காலி பண்ணச் சொல்கிறான்.

"அது வித்திருந்தா எங்கிட்ட சொல்லியிருக்கும் சார். குடிச்சிட்டு வந்தா உண்மையத் தவுர ஒண்ணும் பேசாது."

பாயிடம் அழைத்துப் போனேன். ஜெராக்ஸைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதுல இன்னாத்தப் பாக்கறது? ஜெராக்ஸ்ல எல்லா மையும் பொணம். ஒரிஜினல் இருந்தா சொல்லு தாயி."

நான் எழுதிய மனுவுக்குத் தாலுகா அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள், ஒரிஜினல் அன்றைக்குத்தான் வரும். அந்த அலுவலகத்துக்கு மூவரும் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் எதிராளியும் அவன் வக்கீலும். பழுப்பேறிய முத்திரைத்தாளை வக்கீல் எடுத்து வைத்தார். பாய் குனிந்தார். மோந்து பார்த்தார். அவர் கழுத்தில் ஒரு நரம்பு எழுந்து நின்றதைப் பார்த்தேன்.

"சார், இது என் மை."

"உம்ம கடையில வாங்கியிருப்பாங்க. அதுக்கென்ன?"

"இந்தக் கலவை ரெண்டு வருஷமாத்தான் போடறேன் சார். இந்தம்மா புருஷன் செத்து மூணு வருஷம். செத்தவன் எழுந்து வந்தா கையெழுத்துப் போட்டான்?"

வக்கீல் சிரித்தார். "நீலம்னா நீலம்தான். ரெண்டு வருஷ நீலம், பன்னெண்டு வருஷ நீலம்னு ஜாதகமா இருக்கு?"

அங்கேதான் அது நடந்தது. உலகத்தில் வேறு எந்தச் சாட்சியும் செய்யாத தப்பு. "பாய்! நாக்க உள்ள வைங்க!" என்று நான் கத்தியது எனக்கே கேட்டது. ஆனால் முப்பது வருஷப் பழக்கம் என் குரலை விட வேகமானது. கையெழுத்தின் மீது ஒரே இழுப்பு.

தாளில் மலைநீலம் நனைந்து விரிந்தது. விரிந்த நீலத்தின் ஓரத்தில், யாரும் எதிர்பாராத ஒரு நிறம் மெல்லக் கசிந்தது. கத்திரிப்பூ. இருட்டிய மலைக்குப் பின்னால் யாரோ ஒரு விளக்கை ஏற்றியதுபோல. பாய் அதிகாரி முன் நாக்கை நீட்டி நின்றார். அதிகாரியும் டாக்டர் மாதிரி எட்டிப் பார்த்தார்.

"பாருங்க சார். காஞ்சா தெரியாது. நனைஞ்சாத்தான் தெரியும். ஒரு பாட்டிலுக்கு ரெண்டு சொட்டு விடுவேன். யாருக்கும் சொன்னதில்ல. எங்க வூட்ல கட்டுற சேலை கலரு சார் அது. அவ போன மாசத்துலருந்துதான் கலக்கறேன்."

அதிகாரி தாளை ஒருமுறை பார்த்தார், பாயை ஒருமுறை பார்த்தார்.

"ரெண்டு வருஷமாத்தான் கலக்கறீருன்னு பில்லு கில்லு இருக்கா?" அதிகாரி குரல் இறங்கியிருந்தது.

"பில்லு இல்ல சார். பொண்டாட்டி செத்த சர்டிபிகேட் இருக்குது."

அப்போது வக்கீல் எழுந்தார். "சார், கையெழுத்துல பாதி காணோம். இந்த ஆள் ஆவணத்தை நக்கி அழிச்சிட்டார். பதிவு பண்ணிக்கோங்க." உண்மைதான். நிரூபித்த நாக்கே நிரூபணத்தைத் தின்றிருந்தது.

அந்தத் தாள் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. இன்றுவரை திரும்பவில்லை. அது வராதவரை அக்காவை யாரும் வெளியேற்ற முடியாது. அக்காவுக்கு வீடு உறுதியாகவும் செய்யாது. "ஊர்ல எல்லாரும் காயிதம் வரணும்னு சாமி கும்புடறாங்க. நான் வரக்கூடாதுன்னு கும்புட்டுக்கினு இருக்கறேன்" என்றார் அக்கா. கூரையை மாற்றினால் வம்பு வரும் என்று, ஒழுகுகிற இடத்தில் குண்டான் வைத்துவிட்டுப் படுக்கிறார்.

பாயை ஊர் வேறு விதமாகத் தீர்த்தது. அந்தப் பத்திரத்தை எழுதியவர் யார் என்று அவருக்குத் தெரியும், ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் பத்திரம் எழுதுகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக எதிர்க்கடைக்குப் போனார்கள். எந்த மையில் என்ன கலந்திருக்குமோ என்ற பயம். வெள்ளைத்தாள் விற்கவில்லையென்றால் மைக்கு ஏது கடை?

ஒரு நாள் போனபோது வாசல் சாக்கடை நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. ஓரங்களில் கத்திரிப்பூ. மலைநீலம் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பன்றி ஒன்று நீல மூக்கோடு நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை.

"ஏன் பாய்?"

"அவ நெனப்புல கலக்குனேன் வாத்தியாரே. அதுல பொய் எழுதிட்டானே."

திருக்கோவிலூரில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடுவதென்று முடிவானது. பஸ் ஸ்டாண்டு வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஏறுவதற்கு முன் என் சட்டைப் பையிலிருந்த டிக்கெட் துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். பிறகு இடுப்பிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார். சாக்கடைக்குப் போகாத ஒன்று.

எட்டு மாதத்தில் அவர் இறந்துபோனார். ரொம்பத் தாமதமாகத்தான் எனக்குத் தெரிந்தது. பாட்டில் என் மேசையில் இருக்கிறது. இந்தக் கட்டுரையையும் அதில்தான் எழுதுகிறேன். அடியில் கொஞ்சம்தான் மிச்சம், கூழாகிவிட்டது, நிப்பு திக்குகிறது. பக்கத்திலேயே தண்ணீர்ச் செம்பு இருக்கிறது. நான் ஊற்றவில்லை. பஸ் நகரும்போது ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து, நீல நாக்குத் தெரிய, அவர் சொன்னது:

"வாத்தியாரே, அது கெட்டியாச்சின்னா தண்ணி கிண்ணி ஊத்திடாதீங்க. எனக்கு ஒரு போனு போடுங்க, நானே வந்து கலக்கித் தரேன்."