காலி அண்ணாச்சி தேடிய பேர்

உலகத்தில் உள்ள அத்தனை பேர்களையும் ஒரு தடவையாவது தட்டிப் பார்த்த மனுஷர் ஒருத்தர் உண்டென்றால், அது மும்பை தாராவியில், வரிசையாக ஒற்றை அறை வீடுகள் அடுக்கிய எங்கள் சால் மாடியில் குடியிருந்த காலி அண்ணாச்சிதான். அவருடைய சொந்தப் பேர் எங்களில் யாருக்கும் தெரியாது. லோக்கல் ரயிலில் இடம் தேடுகிறவர் மாதிரி எந்நேரமும் போனைப் பார்த்து, "காலியா? காலியா?" என்று முணுமுணுப்பார். அதுவே பேராக நிலைத்துவிட்டது.

அவர் தேடியது இடம் அல்ல, பேர். அந்தேரியில் ஒரு கம்பெனியில் அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் எங்கள் குழாயோடுதான் வாசம். குழாய் வாயில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டிவிட்டு, அதற்காகக் கம்ப்யூட்டரில் என்னவோ எழுதினார். தண்ணீர் வந்ததும் சாலில் எல்லார் போனிலும் மணி அடித்தது. விடியுமுன்னே குடத்தோடு காத்துக் கிடந்த நாங்கள் அன்றிலிருந்து தூங்க ஆரம்பித்தோம். கேள்விப்பட்டு, பாண்டுப்பில் மலைமேல் இருக்கிற சனங்களும், "எங்களுக்கும் குடுங்க அண்ணாச்சி, வெயில் காலத்துக்குள்ள வேணும்" என்று வந்து நின்றார்கள். சும்மாவே தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

எழுதியதை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று வைக்கிற இடம் ஒன்று இன்டர்நெட்டில் இருக்கிறதாம். அங்கே வைக்க ஒரு பேர் வேண்டும். வேறு யாரும் வைக்காத பேராகவும் இருக்க வேண்டும். மனுஷர் அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

"பெரியம்மா, முருகன் போயிட்டான்" என்று ஒருநாள் என் வாசலில் வந்து நின்றார்.

எனக்குப் பகீரென்றது. "எந்த முருகன்?"

"சாமிதான். எவனோ எடுத்துட்டான். ஆறுமுகமும் இல்ல, வேலனும் இல்ல. சுடலைமாடனைக்கூட விட்டு வைக்கல பெரியம்மா!"

ஆம்பளைகளிடம் நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் சுடலைமாடன் பேரை எடுத்தவர் யாராக இருக்கும், எந்த ஊரில் இருப்பார், அந்தப் பேரை வைத்து என்ன செய்வார் என்று முறுக்கு பிழியும்போதெல்லாம் அதே நினைப்பு. தாங்காமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் தம்பி, நம்ம சால்லயே நாலு முருகன் இருக்கான். ஒருத்தன் பேரை இன்னொருத்தன் வச்சா என்ன?"

"இங்க ஆகும். அங்க ஆகாது பெரியம்மா. ஒரு பேருக்கு ஒரு ஆளுதான்."

"அப்ப பிந்திப் பொறந்தவன் என்ன செய்வான்?"

"என்னைய மாதிரி அலைவான்."

சாமிகளை விட்டுச் சாப்பாட்டுக்கு வந்தார். இட்லி போயிற்று, வடை போயிற்று, சொதியும் போயிற்று. என் தட்டில் இருந்த முறுக்கைப் பார்த்துத் தட்டினார், அதுவும் போயிருந்தது. இருந்தாலும் அதைத் தின்றுவிட்டுத்தான் எழுந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் மாடியிலிருந்து ஒரே கூப்பாடு. "சலசல" என்ற பேர் காலியாக இருக்கிறதாம்! சால் முழுக்கக் கூடிவிட்டது.

"பின்ன போட வேண்டியதுதான ஓய்?" என்றாள் கீழ்வீட்டு இசக்கியம்மா.

"ராகு காலம்லா ஓடுது! ஆறு மணி அடிக்கட்டும்."

குளித்தார். திருநீறு பூசினார். லேப்டாப்புக்குக் கற்பூரம் காட்டினார். ஆறு அடித்ததும் தட்டினார். போயிற்று! ராகு காலம் பார்க்காத ஊர்க்காரன் எவனோ இடையில் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். கற்பூரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அதோடு ஆள் ஒடுங்கிப்போனார். வெயிலும் ஏறிவிட்டது. பாண்டுப்பிலிருந்து போன் வந்தால் எடுக்கவே மாட்டார். முகம் வாடி ஒருநாள் என் வாசலுக்கு வந்தார்.

"பெரியம்மா, ஊர்ப்பக்கத்துப் பழைய பேரா ஒண்ணு சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?"

அவர் தவறிப்போய் வெகுகாலம் ஆகிறது. இருக்கும்போதும் சரி, பிறகும் சரி, அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்கள்தான் சொல்வார்கள்.

"சாமி பேருதான்" என்றேன் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து.

"மாடசாமியா? ம்ஹும், காலி இல்ல, வேண்டாம். முத்துசாமியா? அதுவும் போச்சு. ஐயனாரா?" நான் தலையாட்டுவதற்குள் அவரே தட்டிப் பார்த்து, என் வீட்டுக்காரரை மாற்றிக்கொண்டே போனார்.

கீழே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த இசக்கியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பலவேசம்! அவுக பேரு பலவேசம்! பொண்டாட்டி எப்படி ஓய் சொல்லுவா?"

அண்ணாச்சி தட்டினார். போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நானும் எட்டிப் பார்த்தேன். அங்கே அந்தப் பேரில் வேறொருத்தர் இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

"காலி" என்றார், ரகசியம் போல. காலண்டர் பக்கம் திரும்பவேயில்லை. விரலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "போட்டுரட்டா பெரியம்மா?" என்று கேட்டார். உலகமே முந்திக்கொண்டு எடுக்கிற இடத்தில், கேட்டுவிட்டு எடுத்தவர் அவர் ஒருத்தராகத்தான் இருக்கும். தலையை ஆட்டினேன்.

இப்போது தண்ணீர் வந்ததும் பாண்டுப்பிலும் மணி அடிக்கிறது. மணி மட்டுமல்ல, "பலவேசம் வந்தாச்சு" என்று போன் வாய்விட்டே சொல்கிறது. "பலவேசத்துக்கு இன்னைக்கு என்ன கொள்ளை, இன்னும் காணோம்?" என்று எங்கள் பொம்பளைகள் ஏசுகிறார்கள். என் போன் மட்டும் மணியோடு நிறுத்திக்கொள்ளும். நான் கூச்சப்படுவேன் என்று அண்ணாச்சி, யாரிடமும் சொல்லாமல், என்னுடையதில் மட்டும் பேரை எடுத்துவிட்டிருந்தார்.

பிறகு தூரத்தில் கோபர்கைரனேக்கு வீடு மாறிப் போன அண்ணாச்சி, இந்தப் பக்கம் வந்தால் என்னைப் பார்க்காமல் போவதில்லை. என் போன்லயும் அந்தப் பேரைப் போட்டுக் குடுங்க தம்பி என்று கேட்கத்தான் நினைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் டீயைக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.